பூவாயிக்கு நின்ற வரிசை

பூவாயிக்கு வாய் நீளம் என்று சொல்பவர்கள் அமீரகத்து ராஸ் அல் கைமாவில் நிறையப் பேர் உண்டு. பள்ளிக்கூட பஸ்ஸில் ஆன்ட்டியாக இருப்பவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் பிழைப்பு எப்படி ஓடும்? விடிந்தும் விடியாமலும் ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் பஸ் நிற்கும். அரைத்தூக்கப் பிள்ளையை ஏற்ற வேண்டும், பெல்ட் மாட்ட வேண்டும், மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காக மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவில் பாட்டிலோடு ஓடி வரும் தாயிடம், "நேத்து காய்ச்சல் விட்டுதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்ஸை நகர விடமாட்டாள். எந்த வீட்டுக்காரருக்கு வேலை ஆட்டம் காண்கிறது, எந்த வீட்டில் மாமியார் விசிட் விசாவில் வந்து இறங்கியிருக்கிறார், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் அந்தப் படிக்கட்டில் நின்றபடியே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். வாய் நீளம்தான், ஆனால் ஓட்டை வாய் இல்லை. அரசியலுக்கு இதைவிட நல்ல தகுதி என்ன வேண்டும்?

பஸ் ஓட்டுபவர் கௌஸ் முகம்மது, வாணியம்பாடிக்காரர். "தங்கச்சி, நீ ஊர்ல இருந்திருந்தா கவுன்சிலர் ஆயிருப்பே," என்பார் அடிக்கடி. "இங்க வந்து பெல்ட் மாட்டிக்கிட்டு இருக்கே."

"அட நீங்க ரோட்டைப் பாருங்க பாய்," என்பாள் பூவாயி.

அவளுக்கு ஊர் நாமக்கல் பக்கம். புருஷன் மணிகண்டன் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் சூளை ஆபரேட்டராக வந்தவர். வெகுகாலம் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் பங்க் கட்டிலில் படுத்துத் தூங்கி, ஃபோர்மேன் ஆனபிறகுதான் ஃபேமிலி விசா எடுக்க முடிந்தது. அப்படி வந்து சேர்ந்த வருடம், தமிழ்க் குடும்ப மன்றத்தின் ஆண்டு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். முன்வரிசையில் சோபா போட்டிருந்தது. நல்ல சோபா. உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், இது விஐபிக்குப் போட்டது," என்று ஒருவர் வந்து குனிந்து சொன்னார். சோபாவிலிருந்து எழுந்து பின்னால் போகிற தூரம் அன்று அவளுக்கு நாமக்கல் தூரமாக இருந்தது. முகம் சிவந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, விழாவின் சுவாரஸ்யமெல்லாம் கடைசி வரிசையில்தான் இருக்கிறது என்று. அங்கே இருந்தவர்கள் கேம்ப் ஆட்கள். காலையிலேயே வந்து நாற்காலி போட்டவர்கள், ஸ்பீக்கர் தூக்கியவர்கள், தோரணம் கட்டியவர்கள். மேடையில் பேசுகிற ஒவ்வொருவருக்கும் அவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பூவாயி சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனாள்.

மன்றத் தலைவர் தியாகு. சிமென்ட் கம்பெனியில் மேனேஜர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆஸ்பத்திரி, போலீஸ், பாஸ்போர்ட் என்று யாருக்கு என்ன என்றாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் கையில் மைக் ஏறினால் இறங்காது. அவர் தலைவராகிப் பல வருடம் ஆயிற்று. தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை. யாராவது முன்மொழிவார்கள், யாராவது வழிமொழிவார்கள், "ஏகமனதாக" என்று ஒரு குரல் எழும், எல்லோரும் தட்டுவார்கள். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு நன்றியுரை. இந்த நன்றியுரை யார் தலையில் விழுகிறதோ அவர் பாவம். கை கழுவிய கூட்டம் காரில் ஏறியிருக்கும், அவர் நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த வருடம் அது பூவாயி தலையில் விழுந்தது. மகளிர் அணிச் செயலாளர் பதவிக்கு யாரும் வராததால் அவளைப் போட்டிருந்தார்கள். வேலை, கோலப் போட்டி நடத்துவதும் நன்றி சொல்வதும். அவள் மேடை ஏறியபோது ஹாலில் குடும்பங்கள் யாரும் இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கேம்ப் ஆட்கள் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்கள். கடைசியில் கைதட்டவும் செய்தார்கள்.

"நீங்கெல்லாம் மன்றத்துல மெம்பருங்களா?" என்று இறங்கி வந்து கேட்டாள்.

"இல்லக்கா," என்றான் முகிலன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், கல் குவாரியில் கிரேன் ஓட்டுபவன். "ஃபேமிலியோட இருக்கவங்கதான் மெம்பர் ஆகலாம். நாங்க வாலன்டியர். டீ-சர்ட் குடுப்பாங்க."

நாற்காலி போடுகிறவனுக்கு மன்றத்தில் நாற்காலி இல்லை. பூவாயிக்கு அன்றைக்கே சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் கொடி பிடிக்கிற ஆள் இல்லை. தன் கையில் இருந்தது கோலப் போட்டி, அதிலிருந்தே ஆரம்பித்தாள். பொங்கலுக்கு, ஆண்களும் கலந்துகொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் போட்டாள். யாரும் வரமாட்டார்கள் என்று சிலர் சிரித்தார்கள். கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். முகிலன் கோலமாவை எடுத்துப் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்து, வருடா வருடம் முதல் பரிசு வாங்கும் தியாகுவின் மனைவி ஜெயலட்சுமியே தன் கோலத்தை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"யாருப்பா கத்துக் குடுத்தா?"

"எங்க வீட்ல பொம்பளப் புள்ள இல்ல ஆன்ட்டி. மார்கழியில நான்தான் போடுவேன்."

முதல் பரிசு பிரஷர் குக்கர். முகிலன் ரூமில் இன்றைக்கும் அதில்தான் பருப்பு வேகிறது.

அதற்குப் பிறகு கமிட்டிக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் பூவாயி கையைத் தூக்கினாள். கேம்ப் ஆட்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், ஓட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. "அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்" என்றார்கள். அடுத்த மீட்டிங்கிலும் தூக்கினாள். பஸ்ஸில் ஒரே பிள்ளையிடம் தினமும் "பெல்ட் போடு கண்ணு" என்று சொல்லிப் பழகியவளுக்குச் சொன்னதையே சொல்வதில் அலுப்பு ஏது? கடைசியில் கமிட்டிதான் அலுத்துப்போய்த் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் தியாகு சும்மா விடவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"சேத்துக்கலாம், நல்லதுதான். ஆனா பாருங்க பூவாயிம்மா, பிரியாணி இருந்தா வருவாங்க. கை கழுவுனதும் பஸ் ஏறிருவாங்க. அவங்களுக்கு எதுக்கு ஓட்டு?"

கமிட்டியே சிரித்தது. பூவாயி சிரிக்கவில்லை. சாப்பிட்டதும் முதல் ஆளாகக் கிளம்புவது தியாகுவின் வெள்ளைக் கார்தான். பின்னால் நின்று நாற்காலி அடுக்குவது யார் என்று அவர் பார்த்ததே இல்லை. அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து புருஷனிடம், "நான் தலைவருக்கு நிக்கறேனுங்க," என்றாள்.

மணிகண்டனுக்குப் புரையேறிவிட்டது. மகள் ஹர்ஷினி போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். மன்றமும் அதையேதான் தமிழில் கேட்டது. போட்டி என்பதே மரியாதைக் குறைவு என்று சிலருக்குக் கோபம். பஸ் ஆன்ட்டி தலைவரானால் மேடையில் தூதரக அதிகாரிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று சிலருக்குக் கவலை. பூவாயி பஸ்ஸிலேயே ஓட்டுக் கேட்க ஆரம்பித்தாள். காலையில் ஒவ்வொரு வாசலிலும் பெல்ட் மாட்டி முடித்து, "ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கு வந்துருங்க கண்ணு, இந்தத் தடவை நான் நிக்கறேன்," என்று தாய்மார்களிடம் சொல்வாள். பஸ் நகரும். கௌஸ் பாய் அந்த ஒரு வாரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தார் என்று பள்ளியில் ஒரு புகார்கூட உண்டு.

தேர்தல் நாள். வாடகை ஹாலில் கூட்டம் தாங்கவில்லை. பிரியாணி ஈசாவின் பொறுப்பு; கீழக்கரைக்காரர், கேம்ப் பக்கத்தில் சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறார். ஹாலின் இடப்பக்கச் சுவரோரம் திரை கட்டி, அதன் பின்னால் அண்டாக்களை இறக்கியிருந்தார். தேர்தல் அதிகாரி ராஜீவ், ஆடிட்டர். மிகவும் நேர்மையானவர். நேர்மையானவர்களுக்குச் சில நேரம் முன்யோசனை குறைவு. போட்டியே நடந்திராத மன்றத்தில் ஓட்டுச்சீட்டு ஏது? கை தூக்கச் சொன்னால் சிலர் இரண்டு தடவை தூக்குவார்கள் என்று பயந்து, மனிதர் ஒரு யோசனை செய்தார்.

"தியாகு சாருக்கு ஓட்டுப் போடறவங்க வலது பக்கச் சுவர் ஓரமா வரிசையா நில்லுங்க. பூவாயி மேடத்துக்குப் போடறவங்க இடது பக்கம்."

அவர் இதைச் சொல்லி வாயை மூடவும் திரைக்குப் பின்னால் ஈசா தம் உடைத்து அண்டா மூடியைத் திறக்கவும் சரியாக இருந்தது. மட்டன் பிரியாணியின் வாசனை ஹாலை ஒரு சுற்று சுற்றியது. பின்வரிசைக்கு மைக் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் மூக்குதான் முந்திக்கொண்டது. இடது பக்கம் நாலு பேர் நிற்பதைக் கண்டதும், வரிசை ஆரம்பித்துவிட்டது என்று மொத்த ஹாலும் எழுந்தது. மன்றத்து வழக்கப்படி பெண்களும் பிள்ளைகளும் முதலில். அவர்களுக்குப் பின்னால் கேம்ப் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் கமிட்டி. தியாகுவின் சொந்த மைத்துனர் தட்டும் கையுமாகப் பூவாயியின் வரிசையில் நின்றார். வலப்பக்கச் சுவரோரம் தியாகுவின் அலுவலகத்து ஆட்கள் ஒரு கைப்பிடி பேர்; அவர்களும் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜீவ் வரிசையோடு நடந்து, தட்டு வைத்திருந்தவர்களையும் சேர்த்து, மிகுந்த நேர்மையோடு எண்ணினார். மைக்குக்கு வந்தார். "பூவாயி மேடம் பெருவாரியான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி!"

முகிலன் விசிலடித்தான். மணிகண்டன் யாரையோ கட்டிப்பிடித்தார். தியாகு, முகம் வெளிறிப் போனாலும், எழுந்து வந்து கையை நீட்டினார். பூவாயி அந்தக் கையைப் பிடிக்கப் போனவள், வரிசையைப் பார்த்தாள். வரிசையில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரியாணி இருந்தா வருவாங்க. அந்த முள் உள்ளே அசைந்தது. இந்த வெற்றியை வாங்கிக்கொண்டால், கேம்ப் ஓட்டு பிரியாணி ஓட்டு என்று இந்த மன்றம் உள்ளவரை சொல்வார்கள். வேண்டாம் என்றால், சாப்பிட்ட பிறகு யார் இருக்கப்போகிறார்கள்? இரண்டு பக்கமும் இடிதான். ஆனால் பொய்யான வரிசைக்குத் தலைவராக இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க, ஒரு நிமிசம். இது எனக்கு நின்ன வரிசை இல்லீங்க. பிரியாணிக்கு நின்ன வரிசை. தியாகு சார் மச்சானே நிக்கறாரு பாருங்க."

ஹால் குபீரென்று சிரித்தது. மைத்துனர் தட்டைப் பின்னால் மறைத்தார்.

"மேடம், ரிசல்ட் அனௌன்ஸ் பண்ணியாச்சு," என்றார் ராஜீவ் கலவரமாக.

"இருக்கட்டுங்க சார். எல்லாரும் வயிறாரச் சாப்பிடட்டும். கை கழுவட்டும். அதுக்கப்பறம் யாரு எங்க நிக்கறாங்களோ, அதுதான் ஓட்டு."

சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இந்த மன்றத்தில் நாற்காலி அடுக்குகிறவர்களைத் தவிர யாரும் நின்றதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது மட்டுமா? பள்ளி லீவு நாளில் கௌஸ் பாய் ஓட்டுகிற கேம்ப் பஸ் மூன்று மணிக்குக் கிளம்பும். செகண்ட் ஷிப்ட்காரர்கள் நாலு மணிக்கு ஃபேக்டரியில் வருகை அட்டையைப் பஞ்ச் பண்ணியாக வேண்டும். கேம்ப்புக்குப் போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஓட அந்த நேரமே இழுபறி. மணிகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெலிச்சதைக் கொண்டுபோயித் திருப்பிக் குடுக்கறயே புள்ள," என்றார் பக்கத்தில் வந்து. அவருக்கும் அன்று செகண்ட் ஷிப்ட்.

பந்தி நடந்தது. பூவாயிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஈசா தட்டு நிறைய எடுத்துவந்து, "பூவாயிக்கா, நாலு வாய் சாப்பிடுங்க. தோத்தாலும் பசிக்கும், ஜெயிச்சாலும் பசிக்கும்," என்றார். "நீங்க யாருக்காச்சும் குடுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். சில குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தன. அங்கே ஜெயலட்சுமி நின்றிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? உங்க வீட்டுக்காரர் இல்ல தோக்கப்போறது, என் வீட்டுக்காரர். நானே நிக்கறேன்," என்று அவர் சொன்னதும் கிளம்பியவர்கள் அசடு வழிந்தபடி திரும்பினார்கள்.

கை கழுவும் குழாய் ஹாலுக்கு வெளியே, பஸ் நிற்கிற பக்கம். கேம்ப் ஆட்கள் தட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வெளியே கௌஸ் பாய் நீளமாக ஹாரன் அடித்தார். மூன்று மணி. கடைசியாக முகிலனும் போனான். அவனுக்குப் பின்னாலேயே மணிகண்டனும் தலையைக் குனிந்தபடி போனார். பின்வரிசை முழுக்க வெறும் நாற்காலி. பூவாயிக்குக் கண் கலங்கியது. தோற்பதற்கு அவள் பயப்படவில்லை. தியாகு சொன்னது உண்மையாகிவிட்டதே என்பதுதான் வலித்தது. தியாகு மேடையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹாரன் நின்றது. பஸ் கிளம்பும் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கதவு திறந்தது. கௌஸ் பாய் உள்ளே வந்தார், விரலில் சாவியைச் சுற்றிக்கொண்டே.

"வண்டி எங்கேயும் போகாது. சாவி என்கிட்ட இருக்கு. யல்லா, ஜல்தி ஓட்டைப் போடுங்க!"

அவருக்குப் பின்னால் முகிலன். முகிலனுக்குப் பின்னால் செகண்ட் ஷிப்ட் மொத்தமும், சாம்பல் நிறத்தில் கவரால் என்கிற ஒட்டு யூனிஃபார்மை மாட்டி, சேஃப்டி ஷூ போட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நடுவில் ஃபோர்மேன் சட்டையில் மணிகண்டன். தியாகு சாரின் பேச்சு எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மன்றத்துக்கு வரும்போது எதற்கும் இருக்கட்டும் என்று யூனிஃபார்மைப் பையில் போட்டுக்கொண்டு வருவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்; பூவாயிக்குத்தான் அது தெரியாது. கை கழுவிய கையோடு பஸ்ஸில் ஏறி உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இனி கேம்ப்புக்குப் போக வேண்டாம், இங்கிருந்தே நேராக ஃபேக்டரி.

"அக்கா, எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றான் முகிலன் ஒன்றும் தெரியாதவன் போல.

இடப்பக்கம் காலி அண்டாக்கள்தான் இருந்தன. அந்த அண்டாக்களை ஒட்டி வரிசை வளர்ந்தது. கவரால்கள், அவற்றுக்கு அடுத்து பஸ் நிறுத்தத்துத் தாய்மார்கள், இடுப்பில் தூங்குகிற பிள்ளைகள், கரண்டியோடு ஈசா, சாவியோடு கௌஸ் பாய். வலப்பக்கமும் இந்தமுறை நல்ல வரிசைதான். தியாகுவுக்கும் மனிதர்கள் உண்டு. ஜெயலட்சுமி சொன்ன சொல் மாறாமல் புருஷன் பக்கமே நின்றார். ஆனால் கண்ணால் பூவாயியைப் பார்த்துச் சிரித்தார். ராஜீவ் இரண்டு தடவை எண்ணினார். அவர் அறிவிப்பதற்கு முன்பே பூவாயிக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்கமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அழுவறதை அப்பறம் வெச்சுக்க, பஞ்ச் போயிரும்!" என்று மணிகண்டன் கத்திக்கொண்டே ஓட, கவரால் கூட்டம் ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியது. கௌஸ் பாய் அன்று ஓட்டிய வேகத்தைப் பற்றி யாரும் எங்கும் பேசக் கூடாது என்று பிறகு முடிவானது.

ஹால் மெல்லக் காலியானது. வழக்கமாக நாற்காலி அடுக்குகிறவர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். பூவாயி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு நாற்காலியைத் தூக்கினாள். அப்போதுதான் அவளுக்கு அகோரப் பசி தெரிந்தது. அண்டாவில் எட்டிப் பார்த்தாள். சுத்தம். ஈசா வருத்தத்தோடு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். தியாகு. கோட்டைக் கழற்றிச் சோபாவில் போட்டுவிட்டு, நாற்காலி மேல் நாற்காலியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாததால் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நீங்க இன்னும் கெளம்பலீங்களா சார்?"

"இல்லம்மா." அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். "இத்தன வருஷமா சாப்பிட்டதும் ஓடுனது நான்தான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க போய்ச் சாப்பிடுங்க. இதை நான் பாத்துக்கறேன்."

பூவாயி அவர் அடுக்கியதை நேராக்கிக் கொடுத்தாள். பிறகு விஐபி சோபாவின் நட்டநடுவில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, ஈசா கொண்டுவந்த அடிப்பிடித்த பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்திருக்கச் சொல்ல யாரும் வரவில்லை.